ஐந்தாம் தலைமுறையிலும் ஒரு குறுஞ்செய்தி

(சங்கத்தின் நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் இருவர் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



பழைய கதைகளைப் பேசுவதற்கே இந்த மேடை ஏற்றது. ஆனால் செயலாளர் அக்கா எங்களிடம், "உங்கட வேலையைப் பற்றி எல்லாருக்கும் விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ" என்று கேட்டார். நாங்கள் இருவரும் தொலைத்தொடர்பு வலையமைப்புகளின் உட்பகுதியில் வேலை செய்பவர்கள். ஒருத்தி இங்கே, மற்றவள் வெளிநாட்டில். கோபுரத்தைத் தான் எல்லோரும் காண்பார்கள். அதற்குப் பின்னால், ஒரு தொலைபேசி எங்கே இருக்கிறது, அதற்கு வரும் அழைப்பை எந்த வழியால் அனுப்புவது என்று தீர்மானிக்கும் பகுதிதான் எங்கள் இடம்.

நாங்கள் தெரிந்தெடுத்த தலைப்பு குறுஞ்செய்தி. எஸ்.எம்.எஸ். இதைச் சொன்னதும் செயற்குழுவில் ஒரு தங்கச்சி சிரித்துவிட்டு, "அதை இப்ப ஆர் அக்கா பாவிக்கினம்?" என்று கேட்டாள். கடைசியாக வங்கியிலிருந்து ஓ.ரி.பி. இலக்கம் எதில் வந்தது என்று திருப்பிக் கேட்டோம். பேச்சில்லை. அந்தத் தங்கச்சியின் கேள்வியையே எங்கள் துறையும் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு புதிய தலைமுறை வலையமைப்பு வரும்போதும் குறுஞ்செய்தியின் காலம் முடிந்துவிட்டது என்பார்கள். பிறகு அதே ஆட்கள் இருந்து, அதற்கென்று ஒரு தனி வழி வெட்டுவார்கள். ஏன் வெட்டுகிறார்கள், வெட்டாவிட்டால் எமது சங்கத்தில் ஆருக்கு இடைஞ்சல் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறோம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1980களின் நடுப்பகுதியில் ஐரோப்பாவுக்குப் பொதுவான ஜி.எஸ்.எம். முறையைத் திட்டமிட்டவர்களில் ஜேர்மனியரான பிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் ஒருவர். தட்டச்சுப் பொறியில் தன் மனதுக்கு வந்த வசனங்களை அடித்து, எழுத்துகளை எண்ணிப் பார்த்து, ஒரு சிறு செய்திக்கு 160 எழுத்துப் போதும் என்று முடிவெடுத்தார். அஞ்சலட்டைகளில் ஆட்கள் எவ்வளவு எழுதுகிறார்கள் என்பதும் அவருக்குச் சாட்சியாக இருந்தது. 1992 டிசெம்பர் 3 ஆம் திகதி நீல் பாப்வேர்த் என்ற இளம் பொறியியலாளர் இங்கிலாந்தில் ஒரு கணினியிலிருந்து வோடபோன் நிறுவனத்தின் ரிச்சர்ட் ஜாவிஸின் தொலைபேசிக்கு நத்தார் வாழ்த்து அனுப்பினார். அதுதான் முதற் குறுஞ்செய்தி. பதில் அனுப்பும் வசதி அந்தத் தொலைபேசியில் இருக்கவில்லை. இலங்கையில் ஜி.எஸ்.எம். சேவை 1995 இல் ஆரம்பித்தது.

இதில் கெட்டித்தனம் என்னவென்றால், குறுஞ்செய்திக்கென்று அவர்கள் புதிதாகப் பாதை எதையும் போடவில்லை. ஒரு தொலைபேசி, பேசாமல் சும்மா இருக்கும்போதும் கோபுரத்தோடு சின்னச் சின்னத் தகவல்களைப் பரிமாறிக்கொண்டே இருக்கும். 'நான் இங்கே இருக்கிறேன்', 'உனக்கு அழைப்பு வருகிறது' என்ற வகைத் தகவல்கள். இதைச் சமிக்ஞைப் பாதை என்போம். அந்தப் பாதையில் இடம் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தில் 140 பைற்று அளவான ஒரு பொட்டலத்தை ஏற்றினார்கள். ஓர் எழுத்துக்கு ஏழு பிற்று வீதம் பிரித்தால் 160 எழுத்து. பேச்சுக்குரிய பாதையை அது தொடுவதே இல்லை. ஆழிப்பேரலை நாட்களில் அழைப்பு எடுபடாமல் தவித்தபோது, 'இருக்கிறோம்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் எங்களில் சிலருக்குக் குறுஞ்செய்தியாக வந்து சேர்ந்ததே, அதன் காரணம் இதுதான். பேச்சுப் பாதைகள் நிறைந்து வழிந்தன; ஓரத்து ஒழுங்கையால் பொட்டலம் நடந்து வந்தது.

இன்னொரு குணமும் உண்டு. விடுதியில் இருந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வீட்டிலிருந்து ஆராவது வந்து கேற்றடியில் ஒரு தகவல் சொன்னால், காவலாளி ஐயா அதை ஒரு துண்டில் எழுதி வாங்குவார். பிள்ளை எங்கே என்று மேற்றனின் பதிவேட்டில் கேட்பார். படிப்பு மண்டபத்தில் என்றால் அங்கே கொடுத்தனுப்புவார். பிள்ளை வெளியே போயிருந்தால் துண்டு அவரிடமே இருக்கும். பிள்ளை திரும்பி வந்து பதிவேட்டில் கையெழுத்து வைத்ததும், 'வந்துவிட்டாள்' என்று மேற்றன் ஆளனுப்புவார். துண்டு போய்ச் சேரும். குறுஞ்செய்தி நிலையம் செய்வது அப்படியே இந்த வேலைதான். உங்கள் தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தால் செய்தி அங்கே காத்திருக்கும். தொலைபேசி உயிர்பெற்று வலையமைப்பில் பதிந்ததும், பதிவேடு நிலையத்துக்குச் சொல்லும். நிலையம் மறுபடி அனுப்பும். எத்தனை நாள் வைத்திருப்பது என்பதற்கு மட்டும் ஓர் எல்லை உண்டு.

இனித்தான் சிக்கல். இரண்டாம், மூன்றாம் தலைமுறை வலையமைப்புகளில் பேச்சுக்கென்று ஒரு தனியான பரிவர்த்தனை நிலையம் இருந்தது. குறுஞ்செய்தி அதற்குள்ளே வாடகைக்கு இருந்த குடியிருப்பாளர். 4ஜி வந்தபோது அந்த நிலையத்தையே இல்லாமற் செய்துவிட்டார்கள். 4ஜியில் எல்லாமே இணையப் பொதிகள். பேச்சுக்குத் தனிப்பாதை இல்லை. வீடு இடிக்கப்பட்டால் குடியிருந்தவர் எங்கே போவது?

அதற்கு இரண்டு வழி கண்டார்கள். முதலாவது, புதிய 4ஜி கட்டுப்பாட்டு மையத்திலிருந்து பழைய பரிவர்த்தனை நிலையத்துக்கு ஒரு நூல் கட்டுவது. எங்கள் துறையில் அந்த நூலுக்கு எஸ்.ஜி.எஸ். என்று பெயர். செய்தி பழைய நிலையத்துக்கு வரும். அது நூல் வழியாக 4ஜிக்குக் கைமாற்றும். உங்கள் தொலைபேசி 4ஜியை விட்டு இறங்காமலே அதைப் பெற்றுக்கொள்ளும். மலிவான, விரைவான வழி. ஆனால் பழைய நிலையம் உயிரோடு இருக்கவேண்டும். இரண்டாவது, பேச்சையும் செய்தியையும் இணையப் பொதிகளாகவே கையாளும் ஐ.எம்.எஸ். என்ற அமைப்பைக் கட்டி, குறுஞ்செய்தியை அதற்குள் மொழிபெயர்த்து அனுப்புவது. உங்கள் தொலைபேசியின் அமைப்பில் 'வோல்ட்டி' என்று ஒரு தெரிவு இருக்கும். அந்தப் பேச்சுச் சேவை நடப்பது இந்த அமைப்பில்தான். இது நிலையான வழி. ஆனால் தொலைபேசிக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். வலையமைப்பிலும் அது இருக்கவேண்டும். இரண்டும் ஒன்றையொன்று ஏற்கவும் வேண்டும்.

5ஜிக்கு வந்தபோது கதை இன்னும் சுவையானது. 2018 இல் 3ஜிபிபி என்ற சர்வதேச தராதர அமைப்பு 5ஜியின் முதற் தொகுதி விதிகளை முடித்தது. வலையமைப்பின் உட்பகுதி முழுவதையும் புதிதாக, மென்பொருட் துண்டங்களாகப் பிரித்து எழுதினார்கள். ஆளை அடையாளம் காண ஒரு துண்டம், இடப்பெயர்வைப் பார்க்க ஒரு துண்டம், தரவுப் பாதையை அமைக்க ஒரு துண்டம். அந்தப் பட்டியலில் எஸ்.எம்.எஸ்.எவ். என்று ஒன்று: குறுஞ்செய்திக்கு மட்டுமேயான துண்டம்! தொலைபேசிக்கும் வலையமைப்புக்கும் இடையிலான அதே சமிக்ஞைப் பாதையில், 1980களில் நினைத்தது போலவே, செய்தி ஓரத்தில் ஏறிப் போகும். ஐ.எம்.எஸ். வழியும் திறந்தே இருக்கிறது. செத்துப்போகும் என்று சொல்லப்பட்டதற்குப் புதுவீட்டில் தனி அறை. பாசத்தால் கொடுத்த அறை அல்ல. மின்மானி, வாகனங்களில் பூட்டும் கருவி போன்ற இயந்திரங்களைத் தட்டி எழுப்புவதற்கும் குறுஞ்செய்தி தேவைப்படுகிறது. வங்கிகளும் வைத்தியசாலைகளும் அதை விடவில்லை. சிம் அட்டையைப் போட்ட தொலைபேசி எதுவாயிருந்தாலும், தரவுப் பொதி வாங்காவிட்டாலும், எந்தச் செயலியிலும் பெயர் பதியாவிட்டாலும் போய்ச் சேரும் எழுத்துச் செய்தி உலகத்தில் இது ஒன்றுதான்.

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துச் சொல்லவேண்டும். பல நாடுகளில் முதலில் வந்த 5ஜி, 4ஜியின் உட்பகுதியில் சாய்ந்து நிற்கும் 5ஜிதான். திரையில் 5ஜி என்று காட்டும். குறுஞ்செய்தி 4ஜி வழியாலேயே வரும். தன் காலில் நிற்கும் 5ஜி உட்பகுதி வந்த பிறகே அந்தத் தனி அறைக்கு வேலை வரும்.

சரி, அறை இருக்கிறது, வழி இருக்கிறது, பிறகென்ன பிரச்சினை? விதி எழுதப்பட்டிருப்பதும் வலையமைப்பில் அது பூட்டப்பட்டிருப்பதும் வேறு வேறு. எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்காவின் அனுபவத்தைச் சொல்கிறோம், அவரின் அனுமதியோடுதான். பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருக்கிறார். இங்குள்ள வங்கிக் கணக்குக்காக இலங்கை சிம் ஒன்றைப் பத்திரமாக, பணம் நிரப்பி, இரண்டாவது இடுக்கில் வைத்திருந்தார். அப்பாவை இங்கே அவசரமாக வைத்தியசாலையில் சேர்த்தார்கள். முற்பணம் கட்டவேண்டும். வங்கிப் பக்கத்தைத் திறந்தார், தொகையைப் போட்டார், ஓ.ரி.பி. வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் நான்கு கோடும் நிறைந்திருந்தன. இணையம் ஓடியது. இலக்கம் வரவில்லை. மறுபடி கேட்டார், மறுபடியும் கேட்டார், கணக்கு பூட்டிக்கொண்டது. கடைசியில் அயல்வீட்டு மாமா காசைக் கட்டினார். "கோடு நாலும் நிண்டது பிள்ளை, பிறகேன் வரேல்லை?" என்று எங்களிடம் கேட்டார்.

அந்தக் கோடுகள் காட்டுவது வானொலிச் சமிக்ஞையின் பலத்தை மட்டுமே. குறுஞ்செய்தி வர, அவர் நிற்கும் நாட்டின் வலையமைப்பும் இங்குள்ள வலையமைப்பும் ஒரே வழியைப் பேசவேண்டும். முன்பு இரண்டிடத்திலும் பழைய பரிவர்த்தனை நிலையம் இருந்தது, பிரச்சினை இல்லை. இப்போது அங்கே பழைய தலைமுறைகளை நிறுத்துகிறார்கள். நிறுத்தும்போது, தங்கள் சொந்த வாடிக்கையாளர் எல்லோரையும் ஐ.எம்.எஸ். வழிக்கு மாற்றிவிடுவார்கள். வெளியிலிருந்து வந்த சிம்முக்கு அந்த வழி திறக்க, இரு நிறுவனங்களுக்கும் இடையில் தனி ஒப்பந்தமும் சோதனையும் வேண்டும். இல்லையென்றால் எஸ்.ஜி.எஸ். நூலையாவது, அதற்கு ஈடான வேறொரு இணைப்பையாவது விருந்தாளிகளுக்காக வைத்திருக்கவேண்டும். ஒன்றுமே இல்லாதபோது தொலைபேசி தரவுக்கு மட்டும் பதிந்திருக்கும். கோடு நான்கு, இணையம் உண்டு, செய்தி இல்லை. அக்காவுக்கு நடந்ததும் இதுதான் என்று அமைப்புகளைப் பார்த்தபோது தெரிந்தது. எங்கள் பார்வையில், ஒரு தலைமுறையை நிறுத்துமுன் விருந்தாளி சிம்களின் குறுஞ்செய்தியைச் சோதிப்பது கட்டாயமாக்கப்படவேண்டும். அதில் இலாபம் குறைவு என்பதால் அது பட்டியலின் அடியில் கிடக்கிறது.

நிறுத்துவது எங்கோ தூரத்துச் செய்தி அல்ல. ஜேர்மனியில் 2021 இல் 3ஜி போய்விட்டது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022 இல் நிறுத்தின. அவுஸ்திரேலியாவில் 2024 ஒக்டோபர் 28 ஆம் திகதி எஞ்சியிருந்த 3ஜியையும் நிறுத்தத் தொடங்கினார்கள். 4ஜி வழியாக அவசர அழைப்பு எடுக்கமுடியாத தொலைபேசிகளை வலையமைப்பே தடுக்கவேண்டும் என்று அங்கே விதி. திரையில் 4ஜி என்று காட்டிய தொலைபேசிகளிலும் சில அதில் அகப்பட்டன, ஏனென்றால் அவற்றின் 4ஜி இணையத்துக்கு மட்டுமே. மெல்பேணிலும் சிட்னியிலும் இருக்கும் எமது அம்மாமார் பலருக்கு அந்த மாதம் பேரப்பிள்ளைகள் புதுத் தொலைபேசி வாங்கிக் கொடுத்த கதை உங்களுக்குத் தெரியும்.

2ஜியை வைத்திருக்கவேண்டும் என்று நாங்கள் வாதாடவில்லை. அதற்கும் காரணம் உண்டு. 2ஜியில், கோபுரம் தான் உண்மையான கோபுரம் என்று தொலைபேசிக்கு நிரூபிப்பதில்லை. அதனால் போலிக் கோபுரப் பெட்டி ஒன்றை வாகனத்தில் வைத்துக்கொண்டு, அண்டை அயல் தொலைபேசிகளை 2ஜிக்கு இழுத்து, வங்கி அனுப்பியது போலப் பொய்ச் செய்தி அனுப்புகிறார்கள். இலண்டனில் 2024 இல் இப்படிக் கைதுகள் நடந்தன. அண்ட்ரொயிட் தொலைபேசிகள் பலவற்றில் 2ஜியை நிறுத்திவைக்கும் தெரிவு உண்டு, இயன்றவர்கள் பாவியுங்கள். நிறுவனங்களுக்கு இடையிலான பழைய சமிக்ஞை முறையும் நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது. 2017 இல் ஜேர்மனியில் அதன் ஓட்டையால் வங்கி இலக்கங்களை வழிமறித்துக் கணக்குகளில் பணம் எடுத்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் தராதர நிறுவனமான நிஸ்ட், ஓ.ரி.பி.யைக் குறுஞ்செய்தியில் அனுப்புவதைக் கட்டுப்படுத்தவேண்டிய முறைகளில் ஒன்றாக வகைப்படுத்தியது. ஆகவே, வங்கி தன் செயலியில் இலக்கத்தை உறுதிப்படுத்தும் வழி கொடுத்தால் அதற்கு மாறுங்கள். அந்தச் செயலியை ஓட்ட வசதியில்லாத அம்மாவுக்குக் குறுஞ்செய்தி இருக்கட்டும். ஒன்றும் இல்லாததைவிட அது எவ்வளவோ மேல்.

ஆர்.சி.எஸ். என்ற புதிய முறை பற்றியும் கேட்பீர்கள். படம், பெரிய செய்தி, படித்ததற்கான அடையாளம் எல்லாம் அதில் உண்டு. அப்பிள் நிறுவனமும் 2024 செப்டெம்பரில் ஐபோன்களில் அதைச் சேர்த்தது. நல்ல விடயம். ஆனால் அதற்குத் தரவு வேண்டும். தரவு இல்லாதபோது அது எதற்குத் திரும்புகிறது? குறுஞ்செய்திக்குத்தான்.

தமிழ் பற்றி ஒரு சொல். 160 என்பது இலத்தீன் எழுத்துக்குரிய கணக்கு. தமிழில் அனுப்பினால் ஓர் இடத்துக்கு 16 பிற்று. ஆக 70 இடம்தான். அதிலும் புள்ளிக்கும் விசிறிக்கும் தனி இடம் போகும். 'அம்மா' என்பது எமக்கு மூன்றெழுத்து, தொலைபேசிக்கு ஐந்து. 70 ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும்; துண்டு ஒவ்வொன்றிலும் 67 இடம், துண்டு ஒவ்வொன்றுக்கும் காசு. எங்கள் தலைமுறை ஆங்கில எழுத்தில் தமிழைக் குழப்பி எழுதப் பழகியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். இதற்கு மருந்தும் இருக்கிறது: 3ஜிபிபி விதிகளில் தமிழுக்கென்று ஓர் எழுத்து அட்டவணை உண்டு. அதைப் பாவித்தால் ஒரு செய்தியில் 150 இடத்துக்கு மேல் கிடைக்கும். அட்டவணையில் தெலுங்கு, மலையாளம், வங்காளம், உருது எல்லாம் இருக்கின்றன, சிங்களம் இல்லை. தொலைபேசி செய்பவர்கள் அதைப் பூட்டினால்தானே பயன்? எங்களுக்கு இது ஒரு மனத்தாங்கல்.

கடைசியாக, சங்கத்துக்கு. போன வருடம் எமது ஆசிரியை ஒருவர் காலமான செய்தி வட்ஸ்அப் குழுக்களில் பத்து நிமிடத்தில் உலகம் சுற்றியது. அவரோடு கூடப் படிப்பித்த இரண்டு ரீச்சர்மாருக்கு, பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு, அது தெரியவந்தது ஈமக்கிரியை முடிந்த பிறகு. அவர்கள் வீடு பாடசாலையிலிருந்து நடந்து போகும் தூரம். ஆகவே முக்கிய அறிவித்தல்களைக் குறுஞ்செய்தியிலும் அனுப்பவேண்டும் என்று செயற்குழுவிடம் கேட்டிருக்கிறோம், அவர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். செய்தி தமிழில், 70 இடத்துக்குள். பெயர், நாள், நேரம், இடம், அடைமொழிகள் வேண்டாம். எழுதிப் பார்த்தோம், முடிகிறது.

வெளிநாட்டில் இலங்கை சிம் வைத்திருப்பவர்கள் மூன்று காரியம் செய்யுங்கள். திரும்பிப் போனதும் இங்கிருந்து ஒருவரைக் கொண்டு அந்த எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லிச் சோதியுங்கள். தேவை வருமுன் சோதியுங்கள். வராவிட்டால் வோல்ட்டி தெரிவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள், வேறொரு வலையமைப்பைக் கையால் தெரிவுசெய்து பாருங்கள். அதற்கும் வராவிட்டால், ஓ.ரி.பி.யை மின்னஞ்சலுக்கு அனுப்பும் வசதி உங்கள் வங்கியில் உண்டா என்று இங்கே நிற்கும்போதே கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள். அங்கிருந்து அதை மாற்றுவது பெரும்பாடு.

இங்கிருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேலை. உங்கள் தெருவில் இருக்கும் எமது ரீச்சர்மாரின் தொலைபேசியை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பட்டன் போனிலும் வோல்ட்டி உள்ளவை கடையில் இருக்கின்றன. மாற்றவேண்டிய காலம் வரும்போது அதைத்தான் வாங்கவேண்டும் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். பழைய எண்ணை மாற்றவேண்டாம்.

மண்டபத்தின் பின்கதவருகே மேசையில் பதிவேடு இருக்கிறது. பெயர், படித்த ஆண்டு, தொலைபேசி எண் என்று மூன்று நிரல். வெளிநாட்டு எண் என்றால் நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து எழுதுங்கள். குறுஞ்செய்தி மட்டும் போதும் என்பவர்கள் பக்கத்தில் ஒரு புள்ளடி போடுங்கள். தேநீர் முடியும்வரை நாங்கள் இருவரும் அந்த மேசையடியில் நிற்போம். தொலைபேசியைக் கொண்டுவந்தால் பார்த்துச் சொல்லுவோம்.